நாடாவுக்குள் ஓர் உறுமி: பழைய வீடியோ கேமராவிலிருந்து கணினிக்கு

சென்ற பள்ளி விடுமுறையில் என் அக்காள் மகன் ஒரு காலணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈப்போவில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். படிவம் நான்கில் படிக்கிறான். அவனுடைய அப்பா வழிப் பாட்டி கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். பெட்டிக்குள் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஏழு கேசட்டுகளும் ஒரு வெள்ளி நிற வீடியோ கேமராவும் இருந்தன.

“மாமா, இதுல ஒரு கேசட்ல தாத்தா உறுமி அடிக்கிறது இருக்காம். பாட்டி பார்க்கணும்னு சொல்றாங்க. யூஎஸ்பி ஒயர் போட்டுப் பார்த்தேன், ஒண்ணுமே வரலை.”

அந்தத் தாத்தாவை அவன் பார்த்ததே இல்லை. அவன் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரு கேசட்டின் மேல் நீல மையில் ‘திருவிழா 2004’ என்று எழுதியிருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா வாங்கி வந்த கேமராவில் பிடித்தது அது.

கேமரன் மலைத் தோட்டங்களில் இப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் கிடக்கும். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட காலம் முதல் அங்கே கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். இப்போது அந்த மலைச்சரிவுகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, லயத்து வாசலில் நடந்த கல்யாணம் ஆகியவற்றின் அசையும் படங்கள் கைப்பேசி வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்தச் சின்ன நாடாக்களில்தான் பதிவாகின. அவற்றைப் படிக்கும் கருவிகளை இன்று யாரும் புதிதாகச் செய்வதில்லை. ஆகவே, பையன் கொண்டுவந்த சிக்கலை நாங்கள் இருவரும் நான்கு நாள் உட்கார்ந்து அவிழ்த்த கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால் உதவும்.

முதல் தடை: ஒரு நீர்த்துளி

கேமராவில் மின்சாரம் கொடுத்தவுடன் சின்னத் திரையில் ஒரு நீர்த்துளிச் சின்னம் மின்னியது. கேசட் ஓட மறுத்தது. “கெட்டுப்போச்சு” என்றான் பையன். கெட்டுப்போகவில்லை. அது மலையிலிருந்து இறங்கி வந்த கோளாறு.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள ரிங்லெட்டின் குளிரில் இரவெல்லாம் இருந்த கேமரா, குளிரூட்டிய காரில் தாப்பா வழியாக ஈப்போவுக்கு வந்து இறங்கியது. அப்போதும் அதன் உலோகப் பாகங்கள் 20 டிகிரி அளவில்தான் இருந்திருக்கும். கீழேயோ வெக்கையும் ஈரமும். வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால், அந்தக் காற்றை ஏறக்குறைய 25 டிகிரிக்குக் குளிரவைத்தாலே அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும். 20 டிகிரியில் உள்ள உலோகத்தின் மேல் படியாமல் இருக்குமா? குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான்.

கேமராவுக்குள் ஓர் உலோக உருளை இருக்கிறது. அது நனைந்திருந்தால் வழவழப்பான நாடா அதில் ஒட்டிச் சுற்றிக்கொண்டு அறுந்துவிடும். அதனால்தான் ஈரத்தை உணரும் சிறு உணரி ஒன்றை வைத்து, ஈரம் தெரிந்தால் கருவியே தன்னை நிறுத்திக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். கேசட்டை வெளியே எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சின்னம் மறைந்தது. மலையிலிருந்து கிளம்பும்போதே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டி, கீழே வந்து அது வெதுவெதுப்பான பிறகு பிரித்திருந்தால் இந்த ஒரு மணி நேரமும் மிச்சம்.

நாடாவில் கோப்பு இல்லை

யூஎஸ்பியில் ஏன் ஒன்றும் வரவில்லை என்பதற்கு வருவோம். இந்தக் கேசட்டுக்கு மினி டிவி என்று பெயர். சின்னத் தொலைக்காட்சி என்று நினைத்துவிட வேண்டாம், எண்மக் காணொளி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 1995இல் சந்தைக்கு வந்த முறை இது.

கைப்பேசியில் எடுத்த காணொளி ஒரு கோப்பாக இருக்கும். அதற்குப் பெயர் உண்டு, அளவு உண்டு, ஒரு சொடுக்கில் நகல் எடுக்கலாம். நாடாவில் அப்படி எதுவும் இல்லை. 6.35 மில்லிமீட்டர் அகல நாடா நொடிக்கு 18.8 மில்லிமீட்டர் வேகத்தில் மெல்ல நகர்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டில் 67 மீட்டருக்கும் அதிகமான நாடா இருக்கிறது. அது சாய்வாகச் சுற்றிச் செல்லும் உருளையோ நிமிடத்துக்கு 9,000 முறை சுழல்கிறது. உருளையின் விட்டம் 21.7 மில்லிமீட்டர். அதன் விளிம்பு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று நீங்களே கணக்குப் போடலாம்: மணிக்கு ஏறக்குறைய 37 கிலோமீட்டர் வரும். தாப்பா சாலையின் வளைவுகளில் லாரிகள் அந்த வேகத்தில் ஏறினால் பெரிய விஷயம்.

உருளையில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள் பொருத்தப்பட்டுள்ளன. ஹெட் என்பது நாடாவில் எழுதவும் படிக்கவும் செய்கிற சின்னஞ்சிறு காந்த முனை. 9,000 சுழற்சியை 60ஆல் வகுத்தால் நொடிக்கு 150. இரண்டு ஹெட்டுகள், எனவே நொடிக்கு 300 சாய்வுக் கோடுகள். இக்கோடுகளைத் தடம் என்பார்கள். மலேசியாவில் பயன்பட்ட பால் முறையில் நொடிக்கு 25 படங்கள். 300ஐ 25ஆல் வகுத்தால், ஒரு படத்துக்கு 12 தடங்கள். ஒவ்வொரு தடத்தின் அகலமும் 10 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இந்த 12 என்ற எண்ணை மறக்க வேண்டாம். பின்னால் அதுதான் எங்களுக்கு வழிகாட்டியது.

ஆக, நாடாவைப் படிக்க ஒரே வழி அதை ஓடவிடுவதுதான். ஒரு மணி நேரப் பதிவைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். தரவு ஓர் ஆற்றைப் போல ஓடி வரும். கணினி அதை வரும் வேகத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஓட்டத்துக்கென்றே அமைந்த கேபிள் இணைப்பு ஒன்று உண்டு. ஆப்பிள் அதை ஃபயர்வயர் என்றது, சோனி ஐ.லிங்க் என்றது, தரநிலைப் பெயர் ஐஇஇஇ 1394. ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் வைத்துக் குழப்பியிருக்கிறார்கள். பழைய கடைகளில் தேடும்போது மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். இதில் ஒரு நொடி 8,000 சிறு இடைவெளிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வோர் இடைவெளியிலும் கேமராவுக்கு ஓர் இடம் முன்பதிவு செய்யப்பட்டிருக்கும். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் பேருந்தில் அந்த இருக்கை அதற்குத்தான். ஆனால் தவறவிட்ட தரவை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க முடியாது.

கேமராவில் இருந்த யூஎஸ்பி போர்ட், நினைவு அட்டையில் எடுத்த நிழற்படங்களை மாற்றுவதற்காக வைத்தது. அந்தக் காலத்துப் பல கேமராக்களில் அப்படித்தான். நாடாவில் உள்ள முழுத்தரப் படம் அதன் வழியே வராது. அருகிலேயே ஒரு சின்ன மூடிக்குள் ‘டிவி’ என்று எழுதிய நான்கு பின் போர்ட் ஒளிந்திருந்தது. அதுதான் வேண்டியது.

பையன் அதற்குள் இணையக் கடையில் ஒரு கேபிள் வாங்கிவிட்டான். ஒரு முனையில் நான்கு பின் ஃபயர்வயர், மறுமுனையில் யூஎஸ்பி. விலை மலிவு. வேலை செய்யவே இல்லை. யூஎஸ்பியில் கணினி கேட்டால்தான் கருவி பதில் சொல்லும். ஃபயர்வயரில் கேமராவும் கணினியும் சமமானவை, யாரும் பேசத் தொடங்கலாம். பேச்சுமுறையே வேறு. ஒருவர் மலாயும் மற்றவர் ஜப்பான் மொழியும் பேசும்போது இடையில் வெறும் கயிற்றைக் கட்டினால் மொழிபெயர்ப்பு நடந்துவிடாது. மினி டிவி கேமராவுக்கு இந்த வகைக் கேபிளை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

கணினி கேமராவைக் கண்டுகொள்ள

என் பழைய மேசைக் கணினிக்குள் ஒரு ஃபயர்வயர் அட்டையைச் செருகினோம். அட்டையில் ஆறு பின் போர்ட், கேமராவில் நான்கு பின். கூடுதல் இரண்டு பின்களும் மின்சாரம் தருவதற்கு. ஆறு பின் பிளக்கைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் அந்த மின்சாரம் தவறான கம்பியில் பாய்ந்து போர்ட் எரிந்துவிடக்கூடும். கேமராவை அணைத்துவிட்டு, பிளக்கின் வடிவத்தைப் பார்த்து, மெதுவாகச் செருகுங்கள். கேமராவில் உள்ள நான்கு பின் போர்ட் மிகவும் மெல்லியது. அது உடைந்தால் அந்தக் கேமராவின் கதை முடிந்தது.

விண்டோஸ் அட்டையைக் கண்டது, கேமராவைக் காணவில்லை. விண்டோஸ் 7 வரை கூடவே வந்த பழைய 1394 டிரைவர் மென்பொருள், விண்டோஸ் 8 முதல் நீக்கப்பட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதைத் தனியாகத் தந்தது. அதை நிறுவி, கருவி மேலாளரில் அட்டையின் டிரைவராக ‘லெகசி’ என்று முடிவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல்: 2025இல் வந்த மேக் ஓஎஸ் 26 பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவே இல்லை. வீட்டில் பழைய மேக் இருந்தால் அதைப் புதுப்பித்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள். இந்த ஒரு வேலைக்குப் புதியதைவிடப் பழையதே மேல்.

டிரைவர் மாற்றிய பிறகு கணினியில் படம் வந்தது. ஆனால் தெரிந்தது என் வீட்டுச் சுவர்! கேமரா பதிவு நிலையிலேயே இருந்தது. பொத்தானைத் திருப்பி நாடாவை ஓட்டும் நிலைக்கு மாற்றியதும் சரியாயிற்று. இந்த இடத்தில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் நடுக்கம்தான். பதிவு நிலையில் யாராவது சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் தாத்தாவின் மேல் என் வீட்டுச் சுவர் பதிந்திருக்கும். கேசட்டின் முதுகில் ஒரு சிறு தாழ் இருக்கிறது. அதைப் பாதுகாப்புப் பக்கம் தள்ளிவிட்டால் எந்தக் கேமராவும் அதில் எழுத முடியாது. முதலில் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் நான்காவதாகத்தான் செய்தோம். மற்ற ஆறு கேசட்டுகளின் தாழையும் உடனே தள்ளிவிட்டோம்.

20வது நிமிடத்தில் நின்றது

முதலில் ஒரு கல்யாணக் கேசட்டைப் போட்டோம். அழகாக ஓடியது. ஆனால் 20வது நிமிடத்தை நெருங்கும்போது பதிவு நின்றது. மறுபடி முயன்றால் மறுபடியும் அதே அளவில் நின்றது. பையன் கேசட்டைச் சந்தேகித்தான். நாடாவை நடுவிலிருந்து ஓட்டச் சொன்னேன். அங்கிருந்தும் 20 நிமிடத்தில் நின்றது. நாடாவில் குறை இருந்தால் நாடாவின் ஒரே இடத்தில்தானே நிற்க வேண்டும்?

ஒரு படத்துக்கு 144,000 பைட். நொடிக்கு 25 படங்கள், அதாவது 3.6 மெகாபைட். 20 நிமிடத்துக்கு 1,200 நொடி. பெருக்கினால் 4.3 கிகாபைட் வருகிறது. நாங்கள் சேமித்துக்கொண்டிருந்த வெளி வன்தட்டு ‘ஃபேட் 32’ என்ற பழைய முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. கணினியின் உள் வன்தட்டுக்கு மாற்றியதும் கல்யாணம் தாலி கட்டுவதையும் தாண்டி விருந்து வரை ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு 13 கிகாபைட் இடம் வேண்டும் என்பதையும் இதே கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டை பட்டையாக உடைந்த திருவிழா

பிறகு ‘திருவிழா 2004’. படம் வந்தது, ஆனால் குறுக்கே பட்டை பட்டையாக உடைந்து. ஒரு பட்டையில் கரகம் நகர்கிறது, அதற்குக் கீழ்ப் பட்டையில் பழைய படமே உறைந்து நிற்கிறது, மறுபடி அடுத்த பட்டை நகர்கிறது. ஒலி விட்டு விட்டுக் கரகரத்தது. பையனின் முகம் வாடிவிட்டது.

இங்கே பதறி கேபிளையும் மென்பொருளையும் மாற்றிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். இரண்டு கேள்விகள் போதும். முதல் கேள்வி: இந்தக் குறை கேமராவின் சொந்தத் திரையிலும் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் நாடாவும் ஹெட்டும் நலம், கேபிளுக்கு அந்தப் பக்கம் தேட வேண்டும். தெரிந்தால் கணினி நிரபராதி. இரண்டாவது கேள்வி: நாடாவைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினால் குறை அதே இடத்தில்தான் வருகிறதா? அதே இடத்தில் மட்டும் என்றால் நாடாவில் காயம். எங்கும் என்றால், ஏன் வேறு கேசட்டிலும் வருகிறது என்றால், ஹெட்டில் அழுக்கு.

கேமராவின் திரையிலும் பட்டைகள் இருந்தன. நாடா முழுவதும் இருந்தன. சற்று முன் நன்றாக ஓடிய கல்யாணக் கேசட்டைத் திரும்பப் போட்டால் அதிலும் இப்போது பட்டைகள்! திருவிழா நாடாவில் இருந்த தூசியோ உதிர்ந்த துகளோ ஹெட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

“மாமா, எத்தனை பட்டைன்னு எண்ணிப் பார்க்கலாமா?” என்றான். எண்ணினோம். படத்தில் மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு. ஒன்று விட்டு ஒன்று உறைந்திருந்தது. 576 வரிகள் கொண்ட படத்தை 12 தடங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன, தடத்துக்கு 48 வரி வீதம். ஒற்றைப்படைத் தடங்களை ஒரு ஹெட் படிக்கிறது, இரட்டைப்படைத் தடங்களை மற்றொன்று. ஆறு பட்டைகள் நன்றாகவும் ஆறு பட்டைகள் உறைந்தும் இருந்தால், இரண்டில் ஒரு ஹெட் அடைத்துக்கொண்டது என்று கேமராவைத் திறக்காமலே சொல்லிவிடலாம். ஒலியும் அதே தடங்களில்தான் எழுதப்படுகிறது. அதனால்தான் அதுவும் உடைந்தது.

படம் ஏன் கறுப்பாகாமல் உறைந்து நிற்கிறது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு படமும் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்துச் சுருக்கி எழுதப்படுகிறது. கூடவே பிழை திருத்தும் எண்களும் எழுதப்படுகின்றன. சில பைட்டுகள் படிக்க முடியாமல் போனால் அவ்வெண்களை வைத்துக் கணக்கிட்டு மீட்டுவிடலாம்; பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இழப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் மீட்க முடியாது. அப்போது கேமரா முந்தைய படத்தின் அதே சதுரத்தை எடுத்து ஒட்டுப் போடுகிறது. பழைய விஎச்எஸ் நாடா கெடும்போது படம் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி விழுந்து மங்கும். எண்ம நாடா கடைசி வரை நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று சிதறும். “போன வருஷம் நல்லாத்தானே ஓடிச்சு” என்ற நம்பிக்கை இங்கே பயன்படாது.

ஹெட்டைத் துடைக்கும் கேசட் ஒன்றை ஒரு பழைய நிழற்படக் கடையில் வாங்கி வந்தோம். நாடா இருக்கும் இடத்தில் லேசான சொரசொரப்புள்ள துடைப்பு நாடா இருக்கும். 10 நொடி மட்டும் ஓட்ட வேண்டும். அதிகம் ஓட்டினால் ஹெட்டே தேய்ந்துவிடும். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுத் துடைக்கும் ஆசை வரும். வேண்டாம். ஹெட் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, பஞ்சின் ஒரு இழை மாட்டினாலும் பிய்ந்துவிடலாம். முதல் 10 நொடியில் பட்டைகள் குறைந்தன. இரண்டாவது 10 நொடியில் மறைந்தன.

ஒரு கோளாறு மட்டும் பாக்கி. சில இடங்களில் படம் துள்ளியது. மென்பொருளின் ஓரத்தில் ‘விடுபட்ட ஃபிரேம்’ என்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. கேமராவின் திரையிலோ துள்ளல் இல்லை. இரண்டு கேள்விகளையும் பையனே கேட்டு, “கணினிப் பக்கம்தான்” என்று தீர்ப்புச் சொன்னான். அதே கணினியில் அவன் பின்னணியில் ஒரு விளையாட்டைப் பதிவிறக்கம் செய்துகொண்டிருந்தான்! வன்தட்டு அதில் மும்முரமாக இருந்த நேரத்தில் வந்த படங்கள் கைநழுவிப் போயின. பதிவிறக்கத்தை நிறுத்தி, நாடாவைப் பின்னால் சுற்றி, மறுபடி தொடங்கினோம்.

ஃபயர்வயருக்கு வழியே இல்லாதவர்கள் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கேபிள் வழியாகத் தொலைக்காட்சிக்குப் போகும் படத்தை ஒரு யூஎஸ்பி பதிவுக் கருவி மூலம் பிடிக்கலாம். எண்களாக இருந்த படம் அலைகளாக மாறி மறுபடி எண்களாகிறது, ஆகவே கூர்மை குறையும். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

38வது நிமிடத்தில் உறுமிச் சத்தம் கேட்டது. மாரியம்மன் கோயில் முன்னால், மூடுபனிக்குள், சட்டை இல்லாமல் ஒரு மெலிந்த மனிதர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. கோப்பைச் சேமித்து, இரண்டு வன்தட்டுகளில் நகல் எடுத்த பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டான். அன்றிரவு பாட்டி அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, பின்னால் நிற்கும் ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அதையும் பையன் பதிவு செய்துகொண்டான்.

ஆறு கேசட்டுகள் முடிந்தன. ஏழாவதை நாங்கள் கேமராவில் போடவில்லை. சன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளையாக, மாவு தூவியது போலப் பூஞ்சணம். மலையின் ஈரத்தில் இருபது ஆண்டு இருந்ததன் விளைவு. அதை ஓட்டினால் பூஞ்சணம் உருளைக்குப் பரவும், உருளையிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கும் வரை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனிப் பையில் கட்டி வைத்திருக்கிறோம். மேல்தாள் உரிந்துபோனதால் உள்ளே என்ன இருக்கிறதென்று பாட்டிக்கும் தெரியவில்லை. பையின் மேல் பையன் சிவப்பு மையில் ‘யாரும் போடாதீங்க’ என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.